முற்றத்துச் சேவல்

சென்ற கிழமை எனக்கு வந்த கடிதங்களுள் ஒன்று ஒரு தாயார் எழுதியது. அவர் பெயரும் ஊரும் இங்கு வேண்டா. "என் மூத்த மகனுக்கு வயது ஒன்பது, இளையவளுக்கு மூன்று. அயல்வீட்டார் கொடுத்த சேவற்குஞ்சு ஒன்றை மகன் வளர்க்கின்றான். அது நாய்க்குட்டி போல அவன் பின்னாலேயே திரிகின்றது; மடியில் ஏறி உறங்குகின்றது. இவ்வளவு சாதுவான சேவலைப் பிள்ளைகளோடு விட்டு வளர்ப்பதில் ஏதும் பிழையுண்டா? மாமியார் வேண்டாம் என்கின்றார். கணவர் அதைக் கேட்டுச் சிரிக்கின்றார். நீங்கள் பிள்ளைகளோடு பழகும் ஆசிரியர். உங்கள் கருத்து என்ன?" என்பது அக்கடிதத்தின் சாரம்.

வாசித்து முடித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சிறிது நேரம் வாளா இருந்தேன். அந்தக் கணவர் சிரிக்கும் சிரிப்பை நானும் ஒரு காலத்திற் சிரித்தவன். அதற்குரிய விலையை எங்கள் வீட்டில் எல்லாரினும் சிறியவள் கொடுத்தாள். ஆதலின் இந்த ஞாயிற்றுக்கிழமை இலக்கியமும் இலக்கணமும் சற்றே ஒதுங்கி நிற்க, சேவலைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணுகின்றேன்.

இலக்கியத்தை முற்றாக ஒதுக்கவும் முடியவில்லை. கோழியும் குழந்தையும் ஒரே முற்றத்தில் வளர்வது நமக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் ஒரு காட்சி வருகின்றது. காவிரிப்பூம்பட்டினத்தின் அகன்ற முற்றமொன்றில் தானியம் காய்கின்றது. அதைத் தின்ன வந்த கோழியை விரட்டுவதற்குக் கல்லைத் தேடாமல், காதிற் கிடந்த கனத்த பொற்குழையைக் கழற்றி எறிகின்றாள் ஒருத்தி. அந்தக் குழை, சிறுவர் உருட்டி விளையாடும் மூன்று காற் சிறுதேரின் வழியில் வீழ்ந்து தடையாகக் கிடக்கின்றது. நகரத்தின் செல்வச் செழிப்பைக் காட்டவே புலவர் இதைச் சொன்னார். வகுப்பிற் பாடஞ் சொல்லும்போது நானும் அந்தச் செழிப்பையே விரித்துரைப்பது வழக்கம். இப்பொழுது அக்காட்சியில் என் கண்ணுக்கு முதலிலே படுவது வேறொன்று. அந்த முற்றத்திற் கோழி இருந்தது, குழந்தைகள் இருந்தார்கள், அங்கே காவலாக ஒருத்தியும் இருந்தாள். எங்கள் முற்றத்தில் அந்த மூன்றாவது ஆள் இல்லாமற் போனார் என்பதே நான் சொல்லவந்த கதை.

எங்கள் வீட்டுக்குச் செம்பன் வந்தபோது அது ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் குஞ்சு. அயல் வளவிலே ஒரு பேடு இருபத்தொரு நாள் அடைகிடந்து ஒன்பது குஞ்சு பொரித்தது. சிலவற்றைப் பருந்து கொண்டுபோயிற்று. ஓர் இரவிலே தாய்க்கோழியையும் மரநாய் கொன்றுவிட, எஞ்சிய ஒன்றை என் மகன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அப்பொழுது அவனுக்கு வயது பத்து. எங்களுடையது மரக்கறி உண்ணும் குடும்பம். "சைவ வீட்டிலே கோழிக்கு என்ன அலுவல்?" என்று என் தாயார் கேட்டார். "தின்னவோ ஆச்சி வளர்க்கிறது? பார்க்கத்தானே!" என்றான் பையன். அந்த விடைக்கு அவரிடமும் மறுமொழி இல்லை.

காகிதப் பெட்டியொன்றிற் பழந்துணி விரித்து, மேலே மின்விளக்கொன்று தொங்கவிட்டு அதனை வளர்த்தான். பாடசாலை விட்டதும் புத்தகப் பையை எறிந்துவிட்டுச் சிரட்டையும் கையுமாக வளவின் பின்புறம் சென்று கறையான் கிளறிக் கொண்டுவருவான். குஞ்சு அவன் உள்ளங்கையில் நின்றே தின்றது. சில மாதங்களிற் செந்நிறச் செட்டையும் பச்சை மினுங்கும் வாலுமாக வளர்ந்தது. நான் மாணவரின் பயிற்சிக் கொப்பிகளைத் திருத்தும்போது மேசையின் மேலே ஏறி நின்று, கழுத்தைச் சரித்துச் சிவப்பு மைக் கோட்டைப் பார்க்கும். வந்தவர்கள் எல்லாரும் வியந்தார்கள். நானும் ஆசிரியர் ஓய்வறையில், "அன்புக்கு அடங்காத உயிர் இல்லை என்பதற்கு எங்கள் சேவலே சான்று" என்று பலமுறை பெருமை பேசினேன்.

ஆறாவது மாதமளவில் அதன் நடை மாறிற்று. தொண்டை கட்டிய நாகசுரம் போல் இருந்த குரல் திருந்தி, விடியுமுன்னரே வீட்டை எழுப்பியது. காலிலே முள் அரும்பியது. என் தாயார் முற்றங் கூட்டும்போது விளக்குமாற்றைக் கொத்தத் தொடங்கியது. நான் படலையைத் திறந்து உள்ளே வந்தால், ஒரு செட்டையை நிலத்தில் உரசுமாறு தாழ்த்தி, பக்கவாட்டில் அடிவைத்து என்னைச் சுற்றி ஆடியது. "அப்பாவுக்குச் செம்பன் நாட்டியம் ஆடுது!" என்று பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டொரு முறை வேட்டித் தலைப்பைப் பிடித்து அதன் முன்னே ஆட்டியும் காட்டினேன். அது பாய்ந்தது, எல்லாரும் மீண்டும் சிரித்தோம். என் மனைவி மாத்திரம், "இஞ்சாருங்கோ, அதுக்குப் பழக்கங் காட்டாதேங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள்.

ஒரு மாலைப்பொழுது. என் இளைய மகளுக்கு அப்போது மூன்று வயது. கையிலே ஒரு துண்டு பிட்டை வைத்துக்கொண்டு, கிணற்றடியிலிருந்து திண்ணைக்கு ஓடிவந்தாள். நான் திண்ணையிலே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். இடையிலே பதினைந்து முழந்தான் இருக்கும். செம்பன் பின்னாலிருந்து பாய்ந்தது. குழந்தை முகங்குப்புற வீழ்ந்து, புரண்டு எழ முயன்ற வேளையில் மீண்டும் முகத்தின்மேற் பாய்ந்தது. நான் ஓடிச் சென்று தூக்குவதற்குள் அவள் கன்னமும் சட்டையும் ஒரே இரத்தம். கண் போயிற்று என்றே நினைத்தேன்.

கண் போகவில்லை. காலின் முள், கண்ணுக்குக் கீழே ஒரு விரற்கடை தூரத்திற் கிழித்திருந்தது. வைத்தியசாலையில் இரண்டு தையல் போட்டார்கள். தையல் போட்ட வைத்தியர் தம் சுட்டுவிரலை என் மகளின் கன்னத்துக்கும் கண்ணுக்கும் இடையில் வைத்துக் காட்டினார், வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு வீட்டிலே பல தீர்ப்புக்கள் எழுந்தன. அயலவர் ஒருவர் கத்தியோடு வந்து, "மாஸ்ரர், நீங்கள் உள்ளுக்குப் போங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். என் தாயார், முருகன் கோயிலுக்கு நேர்ந்து விட்டுவிடலாம் என்றார். என் மனைவி ஒன்றும் பேசாமற் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மகனைக் காணவில்லை. தேடிச் சென்றபோது விறகுக் கொட்டிலின் மூலையிலே செம்பனை அணைத்தபடி இருந்தான். நான் கையை நீட்டினேன். அவன் கொடுக்கவில்லை. "அப்பா, அது முந்தியும் பாயேக்கை நீங்கள்தானே சிரிச்சனீங்கள். அதுக்கு எப்பிடித் தெரியும், இண்டைக்கு மட்டும் பிழையெண்டு?" என்று கேட்டான்.

இருபது ஆண்டுக் காலம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டுப் பழகிய எனக்கு, அந்தக் கேள்விக்கு விடை வரவில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு திரும்பினேன். காலையில் எழுந்து செய்த முதல் வேலை, செம்பனை ஒரு கூட்டில் அடைத்தது. அடுத்த வேலை, சேவல் என்றால் என்ன என்பதைப் படித்தறிந்தது. அவ்வேலையை ஆறு மாதங்களுக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

நான் அறிந்தவற்றுள் முதன்மையானது இது. சேவலுக்கு விளையாட்டுச் சண்டை, மெய்ச்சண்டை என்று மனிதர் முன்னே இரண்டு இல்லை. செட்டையைத் தாழ்த்திப் பக்கமாக ஆடும் அந்த ஆட்டத்தைப் பேட்டின் முன் ஆடினால் அது காதல். மற்றொரு சேவலின் முன் ஆடினால் அறைகூவல். என் முன்னே ஆடியது அறைகூவல். நான் வேட்டித் தலைப்பை ஆட்டியதோ அதனை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம்.

கோழிகளிடையே மேல்கீழ் என்ற வரிசை உண்டு. எந்தக் கோழி எதைக் கொத்தலாம், எது எதற்கு விலகவேண்டும் என்பது ஒவ்வொரு கூட்டத்திலும் நிலைநாட்டப்பட்டிருக்கின்றது. இதை முதன்முதல் ஆராய்ந்து உலகுக்கு உரைத்தவர் நோர்வே நாட்டவரான தோர்லைவ் ஷெல்டெருப் எப்பே என்பவர். சிறுவனாய் இருந்த காலந்தொட்டே கோழிகளை உற்றுநோக்கி வந்தவர் அவர். 1922ஆம் ஆண்டில் தம் முடிபுகளை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். இன்று உலக மொழிகள் பலவற்றிலும் வழங்கும் 'கொத்தும் வரிசை' என்ற கருத்து அதிலிருந்து பிறந்ததே. மாணவர்கள் இதை மனங்கொள்ள வேண்டும்: ஒரு பெரிய ஆராய்ச்சியின் வித்து, முற்றத்துக் கோழிகளைப் பொறுமையோடு பார்த்த ஒரு சிறுவனின் கண்களில் இருந்தது.

யப்பானில் நகோயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில், சேவல் வெளிச்சத்தைக் கண்டு மாத்திரம் கூவுவதில்லை, அதன் உடலினுள்ளே ஓடும் கடிகாரமே விடியலை முன்னறிந்து கூவவைக்கின்றது என்று காட்டினார்கள். 2015இல் அவர்கள் கண்டது இன்னும் சுவையானது. பல சேவல்கள் ஓரிடத்தில் இருந்தால், வரிசையில் உயர்ந்தது முதலிற் கூவும். ஏனையவை தத்தம் நிலைக்கேற்ப ஒன்றன்பின் ஒன்றாகக் கூவும். நாளின் முதல் ஒலியிலேயே தன் இடம் எது என்று சொல்லிக்கொண்டு எழும் பறவை அது.

தன்னினத்தோடு வளரும் குஞ்சு இவ்வரிசையை மூத்த கோழிகளிடம் அடிபட்டுக் கற்றுக்கொள்கின்றது. மனிதனைக் கண்டால் எட்ட நிற்கவும் கற்கின்றது. தனியே கையில் வளர்ந்த செம்பனுக்கு அந்த ஆசான்கள் கிடைக்கவில்லை. அதற்கு நாங்களே கூட்டம். மனிதரைக் குறித்த அச்சம் முற்றாக நீங்கியிருந்தது. மதிப்பை நாங்கள் கற்பிக்கவில்லை. பருவம் எய்தியதும் அது தன் இடத்தைத் தேடத் தொடங்கிற்று. முதலில் விளக்குமாறு, பின்பு என் வேட்டி, இறுதியில், கூட்டத்துள் எல்லாரினும் குறுகியவளும், வேகமாக ஓடுபவளும், கையில் உணவு வைத்திருப்பவளுமாகிய என் மகள். மூன்று வயதுக் குழந்தையின் முகம் சேவல் பாயும் உயரத்திலேயே இருக்கின்றது. பெரியவரின் முழங்காலிற் கீறலாக முடிவது குழந்தையின் கண்ணிலே முடியக்கூடும். குறுக்கே ஓடுகின்ற சிறிய உருவம் சேவலின் கண்ணுக்கு ஒரு குழந்தையன்று. தன்னோடு பொர வந்த பகை. மடியில் உறங்கிய சேவல் வேறு, பாய்ந்த சேவல் வேறு என்று நாம் எண்ணுவது பிழை. இரண்டும் ஒரே சேவல். வயது மாத்திரம் வேறு.

குறுந்தொகையிற் பாடல் இயற்றிய ஒரு புலவருக்குக் குப்பைக் கோழியார் என்றே பெயர். இயற்பெயர் மறைந்துபோக, அவர் சொன்ன உவமையே பெயராயிற்று. ஏவுவாரும் இல்லாமல், விலக்குவாரும் இல்லாமல், குப்பைமேட்டிற் கோழிகள் தாமாகவே பொருது தாமாகவே ஓயும் போரை, தலைவியின் துயருக்கு அவர் உவமையாக்கினார். கோழிகளின் போருக்கு விலக்குவார் வேண்டா. குழந்தையும் சேவலும் நிற்கும் முற்றத்துக்கோ விலக்குவார் ஒருவர் எப்போதும் வேண்டும். அவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருத்தலும் ஆகாது.

இனி நாங்கள் செய்தது. செம்பனைக் கத்திக்கு இரையாக்கவில்லை. கோயிலுக்கும் அனுப்பவில்லை, கோயில் வீதியிலும் குழந்தைகள் ஓடி விளையாடுகின்றார்கள் அல்லவா? நம் வீட்டு ஆபத்தை முருகன் வீட்டுக்கு மாற்றுவது நேர்த்தியாகாது. வளவின் பின்புறத்திலே, முருங்கையும் மாதுளையும் நிழல் தரும் இடத்தில், ஓர் ஆள் உயரத்துக்குக் கம்பிவலை வேலி அடைத்தோம். ஐந்து ஊர்ப் பேடுகளை வாங்கி உள்ளே விட்டோம். முட்டைகள் அயல் வீட்டுக்குப் போயின. உள்ளே செல்வது நானும் மகனும் மாத்திரம் என்று விதித்தோம். போகும்போது ஒரு பழஞ்சுளகைக் காலுக்கு முன்னே பிடித்துக்கொண்டு போவோம். பாய்ந்தால் அடிப்பதில்லை, உதைப்பதில்லை, புறமுதுகு காட்டி ஓடுவதுமில்லை. அடித்தால் அது சண்டையை ஏற்றதாகும். ஓடினால் அது வென்றதாகும். சுளகைத் தடுப்பாக வைத்து அசையாது நின்றுவிட்டு, மெல்ல நம் வேலையைத் தொடர வேண்டும். இரு செட்டைகளையும் உடலோடு சேர்த்து அணைத்து, அது அமைதியுறும்வரை கக்கத்தில் வைத்திருந்து, பின்பு இறக்கிவிடுவோம். சில மாதங்களில் எங்கள் இருவரையும் கண்டால் விலகி நிற்கப் பழகிற்று. எல்லாச் சேவலும் இவ்வாறு தணியும் என்று எவரும் உறுதி கூறல் இயலாது. தணியாததைக் குழந்தைகள் இல்லாத வீட்டாருக்கு, அதன் குணத்தை மறைக்காமற் சொல்லிக் கொடுத்துவிடுவதே நேர்மை.

பெற்றோருக்கு வேறு சிலவும் சொல்லவேண்டும். நன்றாக இருக்கும் கோழியின் வயிற்றிலும் இறகிலும் சல்மொனெல்லா என்னும் பற்றீரியா இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதனால் வரும் வயிற்றோட்டமும் காய்ச்சலும் கடுமையாகலாம். ஆகையால் அவ்வயதினர் கோழியையும் குஞ்சையும் கையில் எடுக்காமல் இருப்பதே நன்று. மூத்த பிள்ளைகள் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். குஞ்சை முத்தமிடுதலும், சமையலறைக்குள்ளே விடுதலும் கூடா. கொப்பித் திருத்தும் மேசையில் ஏற்றி வைத்த என்னை முன்மாதிரியாகக் கொள்ளாதீர்கள். முள்ளாலோ அலகாலோ காயம் பட்டால், ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவி, வைத்தியரிடம் காட்ட வேண்டும். முட்காயம் வெளியே சிறிதாகத் தோன்றினும் உள்ளே ஆழமாக இருக்கும். ஏற்புவலித் தடுப்பூசி காலத்துக்குக் காலம் போடப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்வார். கண்ணருகிற் பட்டால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. நாய், பூனை கடித்தால் அஞ்சும் நீர்வெறுப்பு நோய் கோழியால் வருவதில்லை. அது பாலூட்டிகளின் நோய்.

இவ்வளவையும் படித்தபின், "சேவலே வேண்டாம்" என்று சிலர் முடிவு செய்யலாம். நான் அவ்வாறு சொல்லமாட்டேன். வேலிக்கு இப்பால் நின்று பார்த்தபோதுதான் செம்பனின் உண்மையான நற்குணங்கள் எங்களுக்குத் தெரியவந்தன.

ஒரு புழு அகப்பட்டால் அது தான் விழுங்குவதில்லை. அலகால் எடுத்தும் போட்டும், 'கொக் கொக்' என்று விரைந்து குரல் கொடுத்துப் பேடுகளை அழைக்கும். அவை வந்து தின்னும்வரை தான் நிற்கும். சில வேளைகளில் ஒன்றுமில்லாத இடத்தில் நின்றும் அவ்வாறே அழைத்து ஏமாற்றும். இது எங்கள் செம்பனின் கள்ளம் மாத்திரமன்று, சேவல்களை ஆராய்ந்தோரும் கண்டு எழுதியதே. வானத்திலே பருந்து தெரிந்தால் ஒரு குரல். நிலத்திலே நாயோ கீரியோ வந்தால் வேறொரு குரல். முதலாவதைக் கேட்டால் பேடுகள் பற்றைக்குள் ஒடுங்கும். இரண்டாவதைக் கேட்டால் கழுத்தை நீட்டி நிமிர்ந்து பார்க்கும். இரு குரலுக்கும் பொருள் வேறு என்பதை விஞ்ஞானிகள் சோதனைகளால் நிறுவியிருக்கின்றனர். என் மகளின் மேற் பாய்ந்த அதே வேகந்தான் பேடுகளைக் காக்கவும் பயன்பட்டது.

என் மகள் பல மாதங்கள் பின்வளவுப் பக்கமே போகவில்லை. சேவல் கூவினால் தாயின் சேலையைப் பிடித்துக்கொள்வாள். நாங்கள் வற்புறுத்தவில்லை. "பயப்படாதே, அது ஒன்றும் செய்யாது" என்று ஒருபோதும் சொல்லவில்லை. அது செய்யும் என்பதை எங்களைவிட அவள் நன்றாக அறிவாள். பொய் சொல்லிப் போக்கும் அச்சம் மீண்டும் வரும். ஒரு நாள் நண்பகல், தமையனின் கையைப் பிடித்துக்கொண்டு தானாகவே வேலிக்கு எட்டத்தில் வந்து நின்றாள். அப்பொழுது மேலே ஒரு பருந்து வட்டமிட்டது. செம்பன் நீண்ட ஒரு குரல் எழுப்பிற்று. அடைகாத்து இறங்கிய பேடும் அதன் குஞ்சுகளும் மாதுளைக்குக் கீழே ஒரு நொடியில் மறைந்தன. செம்பன் மாத்திரம் வெளியிலே நின்று, ஒரு கண்ணை மேலே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் நெடுநேரம் பார்த்தாள். பின்பு, "அண்ணா, அதுக்கும் பயம்தானே?" என்று கேட்டாள். "பயந்தான். ஆனாலும் நிக்குது" என்றான் அவன்.

மறுநாள் ஒரு பிடி அரிசிக் குறுணலை வேலிக்கு மேலாக எறிந்தாள். பின்னர் அது நாள்தோறும் அவளுடைய வேலையாயிற்று. வேலிக்குள்ளே அவள் ஒருபோதும் போகவில்லை, நாங்களும் விடவில்லை. அவர்களுக்கிடையில் நட்பு உண்டாகவில்லை என்று சொல்லமுடியாது. அவள் குரல் கேட்டால் செம்பன் வேலியோரம் ஓடிவரும். அவளும் பாடசாலைக் கதைகளையெல்லாம் அதனிடம் சொல்லுவாள். இடையிலே வேலி இருந்தபடியால் இருவருக்கும் அச்சமில்லை.

கந்தபுராணம் கேட்டு வளர்ந்த மண் நம்முடையது. சூரபன்மன் மாமரமாய் நின்றதும், வேல் அதனைப் பிளந்ததும், ஒரு பாதி மயிலாகவும் மறுபாதி சேவலாகவும் சினந்து பாய்ந்துவந்ததும் கந்தசட்டிதோறும் நாம் நினைவுகூர்பவை. முருகன் அருள்நோக்கம் செய்ய, மயில் ஊர்தியாயிற்று, சேவல் கொடியாயிற்று. அருள் பெற்றபின்னும் அது சேவலாகவே இருந்தது என்பதை நான் முன்பு கருத்திற் கொள்ளவில்லை. அதன் முழக்கம் போகவில்லை. அதற்கென ஓர் இடமும் ஒரு தொழிலும் கிடைத்தன. அன்பு என்று சொல்லி நான் செம்பனுக்கு இடமும் கொடுக்கவில்லை, தொழிலும் கொடுக்கவில்லை. மேசையையும் மடியையும் கொடுத்தேன். பிள்ளை வளர்ப்பிலும் நாம் இத்தவற்றைச் செய்வதுண்டு. சிறுவயதில் அடித்தாலும் சிரிக்கின்றோம், ஏசினாலும் சிரிக்கின்றோம். வளர்ந்தபின் அதே செயலுக்குத் தண்டிக்கின்றோம். விறகுக் கொட்டிலில் என் மகன் கேட்ட கேள்வியை, அந்தப் பிள்ளைகளும் நம்மிடம் கேட்கக்கூடும்.

செம்பன் இறந்து இரண்டு ஆண்டுகளாகின்றன. முருங்கையடியிலே புதைத்தோம். என் மகளுக்கு இப்போது வயது பதினொன்று. கன்னத்தில் அந்தத் தழும்பு அரிசி மணியளவில் இருக்கின்றது. எவரேனும் கேட்டால், "எங்கட சேவல் கீறினது" என்பாள். 'எங்கட' என்ற சொல்லை அவள் விடுவதில்லை.

கடிதம் எழுதிய அம்மையாருக்கு: உங்கள் மாமியார் சொல்வதிலே உண்மை இருக்கின்றது, உங்கள் மகனின் அன்பிலும் உண்மை இருக்கின்றது. இரண்டையும் காப்பாற்றலாம். குஞ்சை மடியிலிருந்து இறக்கி, அதன் இனத்தோடு விடுங்கள். தீனி போடுவதையும் நீர் வைப்பதையும் மகனுக்குரிய வேலையாக்குங்கள்; அவன் கவனிக்கும் மாற்றங்களை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். இளையவள் வேலிக்கு வெளியே, பெரியவர் ஒருவரின் கைபிடித்து நின்று பார்க்கட்டும். சேவல் ஒரு செட்டையைத் தாழ்த்தி ஆடும் நாளில், கணவரைச் சிரிக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். வேலியை இந்தக் கிழமையே அடைத்துவிடுங்கள். குஞ்சு வளர ஆறு மாதம் போதும்.